நவீனப் பரிசில் கடாநிலை: ஒரு ஸ்டீல் கடிகாரத்தை அச்சிட்ட விலைக்கு வாங்குவது குறித்து

1

‘காசிருக்கிறவன் வாங்கிட்டுப் போறான், இல்லாதவன் வேடிக்கை பார்க்கிறான். இதுல விமர்சனம் பண்றதுக்கு என்னய்யா இருக்கு?’ — ஆடம்பரக் கைக்கடிகாரங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நுகர்வுக் கலாச்சாரம் பற்றி நமது சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்ட பலவும் இந்த ஒற்றை வாக்கியத்தின் விரிவுரை என்றே சொல்லிவிடலாம். இருப்பவன்/இல்லாதவன் என்ற எதிர்வை வைத்துக்கொண்டு நாம் நிறையப் பக்கங்களை நிரப்பியிருக்கிறோம். நான் பேச வந்தது இந்த எதிர்வுக்குள் அடங்காத மூன்றாவது ஆள் ஒருவனைப் பற்றி. கையில் காசு இருக்கிறது. கடையில் பண்டமும் இருக்கிறது. அச்சிட்ட விலையைக் கொடுக்கத் தயாராகவும் இருக்கிறான். ஆனாலும் வெறுங்கையோடு திரும்பி வருகிறான்.

என் சித்தி மகன் துபாயில் பொறியாளன். பன்னிரண்டு வருஷச் சம்பாத்தியம். தங்கை கல்யாணம், ஊரில் வீடு எல்லாம் முடித்தபிறகு தனக்கென்று ஒன்று வாங்க ஆசைப்பட்டான். பெயர் பெற்ற சுவிஸ் கம்பெனி ஒன்றின் ஸ்டீல் கடிகாரம். அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடைக்குப் போயிருக்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கடிகாரம் இருந்திருக்கிறது, பக்கத்தில் ‘காட்சிக்கு மட்டும்’ என்று ஒரு சின்ன அட்டை. எப்போது விற்பனைக்கு வரும் என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றார்களாம். உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருக்கிறார்கள். என்ன வேலை, எத்தனை வருஷமாக இங்கே, ஏற்கெனவே என்னென்ன வாட்ச் இருக்கிறது, இது எதற்காக, எங்கள் கடையில் இதற்குமுன் என்ன வாங்கியிருக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

‘அண்ணே, பொண்ணு பார்க்கிற மாதிரி இருந்துச்சு. நான்தான் பொண்ணு’ என்றான்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை. கம்பெனி அங்கீகாரம் இல்லாதது. அதே கடிகாரம், புத்தம் புதுசு, விலை மட்டும் ஏறக்குறைய இரட்டை. அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. காசை வை, எடுத்துட்டுப் போ. ‘அப்ப அங்கயே வாங்கியிருக்கலாமேடா, அவ்வளவு ஆசைன்னா?’ என்றேன். அதற்கு அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கான பிரதி: ‘கூடக் காசு குடுத்து வாங்கினா அது வாட்ச்சுதாண்ணே. கம்பெனி விலைக்குக் கிடைச்சாத்தான் மரியாதை.’

2

‘சில்லறை விலை’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வாசிப்போம். நமக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் ஒரு பண்டத்தின் உச்சவிலை. மொத்த விலைக்கு மேலே, பேரத்துக்கு மேலே நிற்பது. சோப்புக் கட்டியில் அச்சிடப்படும் எம்.ஆர்.பி. என்பதன் விரிவே ‘அதிகபட்ச சில்லறை விலை’தானே. அதற்குக் கீழே வாங்கினால் சாமர்த்தியம், அதற்கு மேலே கொடுத்தால் ஏமாளி. வாங்குகிறவனைக் காப்பாற்ற அச்சிட்ட எண் அது.

நான் பேசுகிற கடிகார உலகில் இந்த எண் தலைகீழாக நிற்கிறது. அதிகபட்சம் என்பது குறைந்தபட்சமாகிவிட்டது. ரோலக்ஸின் ஸ்டீல் ‘டேடோனா’ 2022 தொடக்கத்தில் அமெரிக்காவில் கம்பெனி விலைக்குச் சுமார் 14,500 டாலர். அதே சமயத்தில் வெளிச்சந்தையில் அது 40,000 டாலரைத் தாண்டிப் போனது. அந்த ஆண்டிலேயே வெளிவிலை இறங்கத் தொடங்கியது என்றாலும், கம்பெனி விலைக்கு வந்து சேரவில்லை. ஆக, அச்சிட்ட விலைக்கு ஒருவனுக்குக் கடிகாரத்தை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் விற்பனை மட்டும் செய்யவில்லை. இரண்டு விலைக்கும் இடைப்பட்ட பணத்தை அவன் கையில் கூடவே வைக்கிறார். விற்பனை என்ற வடிவத்துக்குள் ஒரு கொடை ஒளிந்திருக்கிறது. இன்னாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் கொடுப்பவரிடம் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை, பண்டம் என்ன என்பது. தங்கமல்ல, ஸ்டீல். நம் வீட்டு அடுக்களையில் உருளுகிற எவர்சில்வர் தம்ளருக்கு உயர்ந்த ரகத்து உறவுக்காரன். காலம் காட்டுவதில் கெட்டியோ என்றால், தன் கடிகாரம் நாளொன்றுக்கு 2 வினாடிக்கு மேல் முன்பின் போகாது என்று ரோலக்ஸ் பெருமையாகச் சொல்கிறது. நடைபாதையில் வாங்கும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு மாதத்துக்கே 15 வினாடி அளவில்தான் தவறும். பயன்மதிப்பை வைத்துப் பார்த்தால் நடைபாதைக் கடிகாரம் ஜெயித்துவிடுகிறது.

3

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ கம்பெனி ‘ஆஸ்ட்ரான்’ என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சரியான நேரம் என்பது உலகத்திலேயே மலிவான பண்டங்களில் ஒன்றாகிவிட்டது. 1970 வாக்கில் ஏறக்குறைய 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 80களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினர்தான் மிஞ்சினார்கள். நேரத்தை விற்றுப் பிழைக்க முடியாது என்றானபோது, அவர்கள் விற்பதற்கு வேறொன்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்த வேறொன்றுக்கான உருவங்களில் முக்கியமான இரண்டை வரைந்தவர் ஜெனீவாவில் பிறந்த ஜெரால்ட் ஜென்ட்டா. 1972இல் ஓடிமார் பிகே கம்பெனியின் ‘ராயல் ஓக்’, 1976இல் படேக் ஃபிலிப்பின் ‘நாட்டிலஸ்’. இரண்டும் ஸ்டீல், ஆனால் தங்கக் கடிகாரத்தின் விலை. உலகின் மிக விலை உயர்ந்த கடிகாரங்களில் ஒன்று ஸ்டீலால் ஆனது என்று நாட்டிலஸுக்கு விளம்பரமே செய்தார்கள். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையிலான தொடர்பு தன்னிச்சையானது என்று சசூர் மொழிக்குச் சொன்னதை, உலோகத்துக்கும் விலைக்குமாக இவர்கள் செய்து காட்டினார்கள்.

ஆனால் அன்றைக்கு வரிசையோ பட்டியலோ கிடையாது. 1963இல் வந்த டேடோனா பல வருஷங்கள் கடைகளில் தேங்கிக் கிடந்த சரக்கு. அதிலும் வித்தியாசமான முகப்பு கொண்ட சில மாடல்களை யாரும் சீந்தவில்லை. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நடிகை ஜோன் உட்வர்ட், கார்ப் பந்தயப் பித்துப் பிடித்த தன் கணவர் பால் நியூமனுக்கு வாங்கிக்கொடுத்தார், பின்பக்கத்தில் ‘கவனமாக ஓட்டு’ என்ற பொருளில் எழுத்துப் பொறித்து. பயந்த மனைவி கணவனுக்குச் சொன்ன வார்த்தை அது. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் அதே கடிகாரம் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. விலைபோகாத சரக்கு என்பதால் குறைவாகத் தயாரானது, குறைவாகத் தயாரானதால் இன்றைக்கு அரிய பண்டம்! படேக் ஃபிலிப்பின் கதையும் இப்படித்தான் முடிகிறது. 2006இல் வந்த 5711 எண் நாட்டிலஸை 2021இல் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அந்த டிசம்பரில் டிஃபனி கடைக்காக நீல முகப்போடு செய்த 170 கடிகாரங்களில் ஒன்று 65 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஏலத்தொகை தர்மத்துக்குப் போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற 169 கடிகாரங்களையும் கடை தன் விலைக்குக் கொடுத்தது. யாருக்குக் கொடுப்பது என்பதையும் கடைதான் தீர்மானித்தது.

4

‘இதெல்லாம் செயற்கைப் பஞ்சம், பதுக்கல்’ என்று நமது மார்க்சிய நண்பர்கள் உடனே சொல்வார்கள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ரோலக்ஸ் ஆண்டுக்குப் பத்து லட்சம் கடிகாரங்களுக்கு மேல் செய்வதாகச் சந்தை ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பற்றாக்குறை எங்கள் உத்தி அல்ல, தரத்தைக் குறைக்காமல் இதற்கு மேல் செய்ய முடியாது என்று கம்பெனி 2021இல் சொன்னது. 100 கோடி ஃபிராங்க் செலவில் சுவிட்சர்லாந்தின் புல் நகரத்தில் புதுத் தொழிற்சாலை கட்டுவதாக 2022இல் அறிவித்தது. இவற்றையெல்லாம் பொய் என்று தள்ள என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பஞ்சம் நிஜமா செயற்கையா என்பதைவிட, பஞ்சத்தில் பங்கீடு எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பற்றாக்குறை நமக்குப் புதுசா என்ன? லைசென்ஸ் ராஜ்ய காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஊழல் இருந்தது, சிபாரிசு இருந்தது. ஆனாலும் கொள்கையளவில் அது ஒரு வரிசை. முன்னால் வந்தவனுக்கு முன்னால். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற கிழவி, நடுவில் புகுந்தவனைப் பார்த்து ‘ஏய், வரிசையில வா’ என்று அதட்ட முடியும். வரிசைக்குள் ஒரு குடியரசு இருக்கிறது.

கடிகாரக் கடையில் இருப்பது வரிசையல்ல, பட்டியல். பலருக்கு இந்த வித்தியாசம் புரிவதில்லை. மூன்று வருஷமாகப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவனைத் தாண்டி நேற்று வந்தவனுக்குக் கடிகாரம் போகலாம். நேற்று வந்தவன் மனைவிக்கு வைரத் தோடு வாங்கியிருப்பான், அல்லது யாரும் விரும்பாத மாடல் இரண்டைத் தலையில் கட்டிக்கொண்டிருப்பான். ‘வாங்கிய சரித்திரம்’ என்று அந்த வட்டாரத்தில் இதற்குப் பெயரே உண்டு. பட்டியலில் நீ எத்தனையாவது ஆள் என்று கேட்க முடியாது. கேட்பதே தகுதிக் குறைவு. சரித்திரமும் இல்லை, எண்ணும் இல்லை, இருப்பது கடைக்காரரின் மனசு மட்டும்.

கடைக்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தால், அவன் அன்று மாலையே இரண்டு தெரு தள்ளிப் போய் விற்றுவிடுவான். சினிமாக் கொட்டகை வாசலில் பிளாக் டிக்கெட் விற்கிற கதைதான். அதைத் தடுக்கத்தான் இத்தனை விசாரணை என்கிறார்கள். சரி. ஆனால் இதன் பொருள் என்ன? விற்ற பிறகும் பண்டம் முழுசாக வாங்கியவனுடையது ஆகவில்லை என்பதுதானே? அவன் அதைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும், மறுபடி கடைக்கு வரும்போது மணிக்கட்டில் காட்ட வேண்டும். சில கடைகளில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை வாங்குகிறவன் கண்ணெதிரே உரித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். மார்செல் மாஸ் 1925இல் கொடை பற்றி எழுதியபோது காட்டியதும் இதைத்தான். கொடுக்கப்பட்ட பொருளில் கொடுத்தவனின் பிடி விடுவதில்லை.

5

தமிழ் எம்.ஏ. படித்தவன் இந்த இடத்தில் சும்மா இருக்க முடியாது. பாடாண் திணையில் ‘பரிசில் கடாநிலை’ என்று ஒரு துறை. பரிசில் கொடுக்காமல் நாளைக் கடத்தும் தலைவனிடம் புலவன் தன் நிலைமையைச் சொல்லிக் கேட்பது. ‘வாயில் நிலை’ என்று இன்னொன்று. வாசலில் நின்று, வந்திருப்பதை உள்ளே சொல்லச் சொல்லி வாயிலோனிடம் கேட்பது. முன்னமே பரிசு பெற்றவன் வழியில் எதிர்ப்படும் வறியவனுக்கு, ‘இன்ன வழியில் போ, இன்ன மாதிரி நில், அவன் இப்படிப்பட்டவன்’ என்று சொன்னால் ஆற்றுப்படை. அரிய கடிகாரத்தைக் கம்பெனி விலைக்கு வாங்குவது எப்படி என்று இன்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் அத்தனை யோசனைகளையும் நான் ஆற்றுப்படையாகவே வாசிக்கிறேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ. விற்பனையாளரின் பெயரை நினைவில் வைத்துக்கொள். மறுவிற்பனை விலையைப் பற்றி வாயைத் திறக்காதே. முதல்நாளே டேடோனா கேட்காதே, சின்னதாக ஏதாவது வாங்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகத்தைக் காட்டு, ஆனால் நச்சரிக்காதே. எப்படி நிற்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்ற உடல்மொழிப் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உடைப்புதான். பாணனிடம் காசு கிடையாது, அதனால் பரிசில் கேட்டான். அப்படியிருந்தும் மானத்தை விடவில்லை. அதியமான் காலம் கடத்தியபோது ஔவையார் வாயிலோனிடம் என்ன சொன்னார் என்று புறநானூறு படித்தவர்களுக்குத் தெரியும். இந்த உலகத்தில் எங்களுக்குப் போக இடமா இல்லை என்று மூட்டையைக் கட்டிவிட்டார். அதே அதியமான் தன்னைப் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்பியபோது பெருஞ்சித்திரனார், பொருளுக்காகப் பண்டமாற்றுச் செய்ய வந்த வியாபாரி இல்லை நான் என்று வாங்க மறுத்தார். முகத்தைப் பார்த்துக் கொடு என்பது புலவனின் கோரிக்கை. வியாபாரம் என்றால் முகம் பார்க்காதது என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் காலத்து வாங்குபவனோ கையில் முழுக்காசையும் வைத்துக்கொண்டு, வியாபாரி வேண்டாம், புரவலர்தான் வேண்டும் என்கிறான். வியாபாரம் இரண்டு தெரு தள்ளிக் காத்திருந்தாலும் அங்கே போகமாட்டான். ஏனென்றால் அங்கே எவன் வேண்டுமானாலும் வாங்கலாம்.

6

இதனால் நமக்கென்ன? பணக்காரர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்கிற ஆட்டம்தானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பணம் எல்லாப் பேதங்களையும் அழித்துச் சமப்படுத்துகிறது என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தில் எழுதியதை நாம் வழக்கமாக ஒரு குற்றச்சாட்டாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். நம் ஊர்களில் அதற்கு இன்னொரு வாசிப்பு உண்டு. இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடையில் பிரச்சினை டீயின் விலையில் இல்லை. ஒரே காசு, ஒரே டீ, ஆனால் வேறு குவளை. காசை வாங்கிக்கொண்ட கை, கொடுத்தவனின் முகத்தைப் பார்த்துப் பாத்திரத்தை எடுத்தது. அங்கிருந்து நகரத்துக்கு ஓடியவன் பேருந்து நிலையத்துக் கடையில் காசைப் போட்டு எல்லோரும் குடிக்கிற கிளாஸில் டீ வாங்கிக் குடித்தபோது, யாரும் ‘நீ யார்?’ என்று கேட்காததில் அவனுக்கு ஒரு விடுதலை இருந்தது. சந்தையின் முகமறியாத் தன்மை எல்லோருக்கும் அந்நியமாதல் அல்ல. சிலருக்கு அதுதான் முதல் மரியாதை.

டேடோனா கிடைக்காதவனின் ஏக்கத்தையும் குவளை மறுக்கப்பட்டவனின் அவமானத்தையும் ஒரே தராசில் வைப்பது அயோக்கியத்தனம். நான் அதைச் செய்யவில்லை. ஒருவன் விரும்பிப் போய் நிற்கிறான், வேண்டாமென்றால் வீட்டுக்குப் போகலாம். மற்றவனுக்கு அந்த வசதி இருந்ததில்லை. நான் சுட்டுவது அமைப்பு ஒன்றாக இருப்பதை. காசு மட்டும் போதாது, நீ யார் என்று தெரிய வேண்டும் என்ற அதே விதி, முதலாளித்துவத்தின் ஆக உயர்ந்த மாடியில் ஒரு நாகரிகமாகத் திரும்பி வந்திருக்கிறது. கீழே இருப்பவன் எதை ஒழிக்கப் போராடுகிறானோ, அதை மேலே இருப்பவன் காசு கொடுத்து அனுபவிக்கிறான்.

2023 டிசம்பரில் பிரான்சின் போட்டி ஒழுங்காணையம் ரோலக்ஸுக்கு 9 கோடியே 16 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அங்கீகாரம் பெற்ற கடைகள் இணையத்தில் விற்கக்கூடாது என்று தடுத்ததற்காக. போலிகளையும் கள்ளச்சந்தையையும் தடுக்கவே அப்படிச் செய்தோம் என்று கம்பெனி சொன்ன சமாதானம் ஏற்கப்படவில்லை. சட்டம் இதைப் போட்டிப் பிரச்சினையாகப் பார்த்தது. என் வாசிப்பில் அது வாயிலோன் பிரச்சினை. இணையத்தில் காசு தெரியும், முகம் தெரியாது.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முந்நூறு பிரதி அச்சடித்து, கடையில் போடாமல், ‘தகுதியான வாசகர்’ கைக்கு மட்டும் போய்ச் சேரட்டும் என்று நினைத்த சிறுபத்திரிகைக்காரர்கள்தானே நாமும்? பழைய இதழ் ஒன்றைக் கேட்டு வந்த கல்லூரிப் பையனிடம் ‘இதுக்கு முன்னாடி என்ன படிச்சிருக்கே?’ என்று நானே விசாரித்திருக்கிறேன். இதழின் விலை ஐந்து ரூபாய் என்று அட்டையில் போட்டிருந்தது. பையன் ஐந்து ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

போன மாதம் தம்பி துபாயிலிருந்து பேசினான். இரண்டரை வருஷம். நடுவில் அதே கடையில் மனைவிக்குக் கல் வைத்த வளையல், மாமனாருக்கு ஒரு கடிகாரம். ‘கிடைச்சிருச்சுண்ணே’ என்றான். ‘வாங்கிட்டேன்’ என்று சொல்லவில்லை. வாங்கினேன் என்றால் ‘நான்’ எழுவாய். கிடைத்தது என்றால் அந்த ‘நான்’ நான்காம் வேற்றுமைக்குப் போய் ‘எனக்கு’ ஆகிவிடுகிறது. இதை அவனிடம் சொல்லவில்லை, பாவம், சந்தோஷத்தில் இருந்தான். கூடவே இன்னொன்றும் சொன்னான். அவன் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த மதுரைப் பையன் ஒருவனுக்கும் அதே கடிகாரத்தின்மேல் ஆசையாம். ‘எடுத்தவுடனே அதைக் கேட்காதேடா, முதல்ல ஒரு வளையல் வாங்குன்னு சொல்லியிருக்கேன்’ என்றான்.